தகப்பனார் கூடவே வருகிறார்!

கண்டியிலிருந்து மஹியங்கனை நோக்கிச் செல்லும் வீதியிலுள்ள பல்லேகலயை இன்று அறியாதார் குறைவு. 2010ஆம் ஆண்டில் முதலாவது டெஸ்ட் பந்தயம் ஆடப்பெற்ற கிரிக்கெட் மைதானம் அந்த ஊர்ப் பெயரைக் கடல் கடந்தும் கொண்டுசென்றுவிட்டது. கைத்தொழிற் பேட்டை, மாகாண சபைக் காரியாலயங்கள், போகம்பரையிலிருந்து பெயர்ந்துவந்த சிறைச்சாலை என்று வேறு சிறப்புகளும் அதற்கு உண்டு. நாம் பேசவந்தது இவற்றுள் எதனையும் பற்றியதன்று. அந்த வீதியோரத்திலே, ஒரு திருவிழாக் காலத்துப் பின்னிரவில், சில்லுக்குக் காற்றுப் போய் நின்றிருந்த ஒரு வானைப் பற்றியது.

நாமும் ஆசிரிய நண்பர் ஒருவரும் திகணைப் பக்கம் ஓர் அலுவலை முடித்துக்கொண்டு திரும்புகையில், திறந்திருந்த ஒரேயொரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். வானும் அதன் எதிரேதான் நின்றது. கூரையின்மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. மேடையில் அணிந்த பளபளக்கும் சட்டைகளைக் கூடக் களையாத வாத்தியக்காரர் ஆறு பேர் வீதியில் நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தனர். எல்லாரும் முப்பதையும் நாற்பதையும் கடந்தவர்கள். உள்ளே, சுருட்டி வைத்த கம்பிச் சுருள்களின்மேல் தலைவைத்து ஒரு பையன் உறங்கிக்கொண்டிருந்தான். வயது பதினைந்து இருக்கும். அவன் காலடியில், வானின் கதவைப் பிடித்தபடி ஒரு மனிதர் குந்தியிருந்தார்.

பையன் குழுவிலே கீபோர்ட் வாசிப்பவன். குந்தியிருந்தவர் அவனுடைய தகப்பனார். பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளி. எந்த வகுப்பு என்று நண்பர் கேட்டார். "பத்தாம் வகுப்புங்க சேர். அடுத்த வருசம் ஓ.எல். எடுக்கணுங்க." அவ்வளவில் நிறுத்தாமல், நாம் கேட்காததற்கும் அவர் பதில் சொன்னார்: "ஒத்தையில அனுப்புறதில்லீங்க. எங்க போனாலும் நான் கூடவே வந்துருவேனுங்க."

நண்பர் முகம் தெளிந்தது. "பரவாயில்லை, தகப்பன் கூடவே வருகிறான்" என்று எம்மிடம் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். உள்ளதைச் சொல்வதானால், எமக்கும் அந்த வார்த்தை ஆறுதலாகத்தான் இருந்தது. வீடு வந்து படுத்த பிறகே அந்த ஆறுதலின்மீது எமக்குச் சந்தேகம் பிறந்தது. இக்கட்டுரை அந்த ஆறுதலுக்கு எதிராக எழுதப்படுவது.

சில்லு மாற்றும்வரை ஒரு மணி நேரம் அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்தோம். அன்றைய கச்சேரி மாலை ஏழு மணிக்கு என்று சொல்லப்பட்டு, பத்து மணிக்குத் தொடங்கி, இரண்டரை மணிக்கு முடிந்திருக்கிறது. மறுநாள் மாத்தளையில் இன்னொன்று. பையனுக்கு இரவொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டா? "மாஸ்டர் பார்த்துக் குடுப்பாருங்க." எழுத்திலே ஏதும்? சிரித்தார். இவருக்கு ஏதும் கொடுக்கிறார்களா? சாப்பாடு உண்டு. மறுநாள் காலை பிரட்டுக்குப் போக முடியுமா? முடியாது, பேர் விழாது. தோட்டத்திலே ஒரு பேர் என்பது ஒரு நாட் கூலி. 2024ஆம் ஆண்டின் தீர்மானப்படி அதன் அடிப்படைத் தொகை 1,350 ரூபாயாக இருந்தது.

அந்த 1,350 ரூபாயிலேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. மகனுக்குக் காவலாகத் தகப்பன் வருகிறான். வருவதனால் அவனுடைய கூலி போகிறது. போன கூலியை ஈடுசெய்ய வேண்டியது மகனுடைய வாசிப்பு. ஆகவே காவலின் செலவைக் காக்கப்படுபவனே உழைத்துக் கட்டுகிறான். இரண்டு இரவுகள் கழிந்தபின், "பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வரமாட்டான்" என்று சொல்லும் வலிமை அந்தத் தகப்பனுக்கு இராது. மகன் வராவிட்டால் அவன் வீட்டிலே அந்த வாரம் இரு கூலியும் இல்லை. இந்த நிலையிலுள்ள ஒருவனைப் பார்த்து, 'நீ உன் மகனைக் காத்துக்கொள், எமக்கென்ன' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிப்பது எத்தகைய நியாயம்?

தகப்பனிடம் அன்பில்லை என்று நாம் சொல்லவில்லை. அன்று இரவு, பனிக்குப் பயந்து தம்முடைய சால்வையை அவர் மகன் காலில் சுற்றிவிட்டிருந்ததைக் கண்டோம். அந்த வாத்தியக்காரரும் கெட்டவர்கள் அல்லர். ட்ரம்ஸ் வாசிக்கும் பெரியவர், பையனுக்குத் தாளக்கட்டு முழுவதும் தாமே சொல்லிக் கொடுத்ததாகப் பெருமையோடு சொன்னார். இருபத்தைந்து வருஷம் மேடையில் கழித்த அவருக்குச் சேமலாப நிதி என்று ஒரு சதமும் இல்லை. கையில் ஒரு விபத்து நேர்ந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. விழா முடிந்ததும் முதலில் பணம் பெறுபவர் ஒலிபெருக்கிச் சொந்தக்காரர். அடுத்தது வானுக்கு வாடகை. மிச்சத்தில் மாஸ்டர், பிறகு பெரியவர்கள். பையன் கடைசி. இந்த வரிசையை ஏற்படுத்தியவன் எந்தத் தனி மனிதனும் அல்லன். ஆனால் இதன் அடியிலே கிடப்பவனுக்குப் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டிருப்பவன் அவனைவிட ஒரு படியும் மேலே நில்லாத ஒருவன்.

இதை எமது பழைய கலையுலகம் நன்கு அறியும். நாதஸ்வர மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம். இந்த நான்கிலே தாளம் பெரும்பாலும் வீட்டுப் பையன் ஒருவன் கையில் இருக்கும். மகனோ, மருமகனோ, சகோதரியின் பிள்ளையோ அவன். அப்பனோடும் மாமனோடும் ஊரூராகப் போய், இரவு முழுவதும் சுவாமியின் முன்னே நடந்து, வாத்தியப் பெட்டியைத் தூக்கி, பெரியவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, அந்த நடையிலேதான் அவன் கற்றான். உலகத்தில் இதைவிடச் சிறந்த இசைக் கல்லூரி ஒன்றைச் சுட்டுவது கடினம். யாழ்ப்பாணத்து மேள மரபு இப்படித்தான் தவில் மேதை தெட்சணாமூர்த்தியை எமக்கு ஈந்தது. 1933இல் பிறந்து 1975இலேயே மறைந்துவிட்ட அவருக்கு முதலில் வாத்தியத்தைக் கையில் கொடுத்தவர் தகப்பனார் விஸ்வலிங்கம். தந்தையின் கண்காணிப்பு என்றால் அதைவிட நெருங்கிய கண்காணிப்பு உண்டா?

ஆயினும் அக்காலத்துக் கோயில் வீதியை நினைத்துப் பாருங்கள். தாளம் போடும் பிள்ளையைக் கோயில் மணியகாரர் 'அடே' என்று அழைத்தால், தவில் வாசிக்கும் தகப்பன் என்ன செய்வான்? அவனையும் அவர் அப்படித்தானே அழைத்தார்! மேளகாரன் எங்கே இருப்பது, எங்கே உண்பது, யார் முன்னே சால்வையை இடுப்பில் கட்டுவது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அந்த வழக்கங்களோடு மல்லுக்கு நின்றதை இன்று வேடிக்கைக் கதைகளாகச் சொல்லிச் சிரிக்கிறோம். மேதையாகிய அவரே மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது என்றால், பெயரற்ற ஒரு தவிற்காரனின் பிள்ளைக்கு அவனுடைய தகப்பனின் கண்காணிப்பு எத்தனை முழம் நீளும்? தகப்பன் நிற்கும் இடத்தின் உயரம் எவ்வளவோ, அவன் பிள்ளைக்கு விரிக்கும் குடையின் உயரமும் அவ்வளவே.

நாடக மேடைக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918ஆம் ஆண்டு மதுரையில் எழுந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே டி. கே. சண்முகம் தம் சகோதரரோடு சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை தாமே பெண் வேடங்களில் பேரெடுத்தவர். பிள்ளைகளை மேடைக்குக் கொணர்ந்தவரும் அவரே. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றைப் படித்தோர் சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்த செய்தியை மறவார். சிறுவனாகிய சண்முகம் தலைமை வேடம் தாங்குவதற்காக அந்த முதியவர் விடிய விடிய விழித்திருந்து எழுதினார். பெரியவன் சிறியவனுக்குக் கலையைக் கைமாற்றும் இந்தக் காட்சியைக் கண்டு நெகிழாதவன் கலையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

ஆனால் பால சபைகள் யாவற்றுக்கும் ஒரு சங்கரதாஸ் சுவாமிகள் வாய்த்தாரா? பெற்றோரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை ஊர் ஊராக, ஏன், ரங்கூன் வரைக்கும் இட்டுச் சென்ற கம்பெனிகள் அந்நாளில் பல இருந்தன. அவற்றிலே பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் யார்? பிள்ளைக்கு இரு வேளை சோறு நிச்சயம் என்பதற்காகவே ஒப்படைத்தவர்கள். இதற்குக் கண்டிச் சீமையே சாட்சி சொல்லும். 1917இல் எமது இந்த மலைநாட்டிலே பிறந்த ஒரு குழந்தை, தகப்பனை இழந்து, தாயோடும் தமையனோடும் கும்பகோணம் சென்று, பள்ளியை விட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலே சேர்ந்தது. தாய்க்குக் கண்காணிக்க விருப்பம் இல்லாமலா பிள்ளைகளை அனுப்பினாள்? சோறு இல்லாமல் அனுப்பினாள். அந்தக் குழந்தை எம். ஜி. ஆர். ஆகிவிட்டதனால் கதை இனிமையாகத் தோன்றுகிறது. அதே கம்பெனிகளில் குரல் உடைந்த மறு மாதமே வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதையை எழுதுவார் இல்லை. எழுதினால் வாங்குவாரும் இல்லை.

'முன்பணம்' என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்து மக்களுக்கு இன்னொன்றும் நினைவு வரவேண்டும். பெரிய கங்காணி பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டி வந்தான். தன்னை அவர்களுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துக்கொண்டான்; கடனையும் வைத்துக்கொண்டான். கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழும், ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று மூன்று விதம் வகுக்கப்பட்டது. தாய் தகப்பனோடு மலைக்குப் போகும் பிள்ளையின் உழைப்பை யாரும் விசேஷமாகக் கருதவில்லை. பெற்றோர் அருகில் நிற்கிறார்களே! பிள்ளை உழைப்பை இயற்கையானதாகக் காட்டுவதற்குப் பெற்றோரின் அருகாமையைப் போல் உதவும் திரை வேறில்லை. பல்லேகலயில் நின்ற அந்த வானின் உள்ளே நாம் கண்டது இதே திரையைத்தான்.

இங்கே ஒரு வாசகர் எழுந்து, 'மாண்டலின் ஸ்ரீநிவாசை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்கக்கூடும். மறக்கவில்லை. நல்ல உதாரணம் என்பதனால் அதைச் சற்று விரித்தே பார்ப்போம். ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்தவர். தகப்பனார் சத்தியநாராயணா தாமும் வாத்தியக்காரர். அவருக்கு ஆசானாகிய ருத்ரராஜு சுப்பராஜுவே மகனுக்கும் ஆசானானார். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவராகிய சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை அதைத் தந்தியில் பிடிக்கும். 1978இல், ஒன்பது வயதிலே, குடிவாடாவில் அரங்கேற்றம். 1981இல் சென்னை. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. பதினான்கு வயதுப் பையன் ஒருவன், தன்னைவிட இருமடங்கு, மும்மடங்கு வயதுடைய பக்கவாத்தியக்காரர் சூழ, மேல்நாட்டார் முன்னே கர்நாடக சங்கீதம் வாசித்தான். வயலினும் மிருதங்கமும் தவிலும் கைதேர்ந்த பெரியவர்கள் அவனுக்கு வலமும் இடமும் அமர்ந்தார்கள். மேடையிலே அவனே தலைவன். 2014இல் 45 வயதிலேயே அவர் மறைந்தது சங்கீத உலகத்துக்குப் பெருந்துயர்.

இந்தப் பிள்ளையை எது காத்தது? தகப்பனின் கண்காணிப்பா? ஆம், அதுவும் தான். ஆனால் அந்தத் தகப்பன் சங்கீதம் தெரிந்தவர்; மேடையின் நல்லது கெட்டது அறிந்தவர். ஆசான் ஒருவர் பிள்ளையின் கல்வியைக் கையில் வைத்திருந்தார். கச்சேரி இரண்டரை மணி, மூன்று மணி என்ற வரம்புள்ள சபா மேடை, ரசிகர் கூட்டம், எழுதுவதற்குப் பத்திரிகைகள். பெரியவர்கள் அவனைத் தலைவனாக ஏற்றுப் பின்னால் அமர்ந்தமையால் மேடையிலே அவனைக் களைப்படையச் செய்யும் அதிகாரம் அவனுக்கே இருந்தது. வேறு எவனுக்கும் இல்லை. எத்தனை சுவர்கள் பாருங்கள்! தகப்பன் அவற்றுள் ஒரு சுவர். எமது பன்விலைப் பையனுக்கு அந்த ஒரு சுவர் மட்டும் இருக்கிறது. அதுவும் மறுநாட் பிரட்டை நினைத்து நடுங்கும் சுவர். இலட்சத்தில் ஒருவனுக்கு வாய்த்ததைக் காட்டி மிச்சமுள்ளோரின் கதியை நியாயப்படுத்துவது எமது நடுத்தர வர்க்கத்தின் பழைய வித்தை.

சரி, தகப்பன் ஏழை என்பதுதான் குறையா? பணமுள்ள வீடானால் பெற்றோர் காவல் போதுமா? அமெரிக்காவைப் பார்ப்போம். சார்லி சாப்ளினோடு 1921இல் வெளிவந்த படமொன்றில் நடித்து உலகையே அழவைத்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் பல இலட்சம் டாலர் சம்பாதித்தான். வயது வந்தபின் தன் பணம் எங்கே என்று தேடினான். தாயும் மாற்றுத் தகப்பனும் செலவழித்துவிட்டிருந்தனர். 1938இல் பெற்ற தாய்மீதே வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று, கிடைத்தது சொற்பம். அதன் விளைவாகவே கலிபோர்னியா மாநிலம் 1939இல், பிள்ளைக் கலைஞனின் வருமானத்தில் ஒரு பகுதியை அவன் பெயரில் ஒதுக்கிவைக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. மோசார்ட்டின் தகப்பனார் 1763 முதல் மூன்றாண்டுக்கு மேலாகத் தம் பிள்ளைகள் இருவரையும் குதிரை வண்டியிலே ஐரோப்பா முழுதும் இட்டுச் சென்றாரே, அவர் அன்பில்லாதவரா? வழியிலே இரு குழந்தைகளும் சாவின் வாசலைத் தொட்டு மீண்டார்கள். (அந்தக் குழந்தைகளில் மூத்தவள், பெண், அவளும் மேதைதான், பருவம் எய்தியதும் பயணம் தம்பிக்கு மட்டும் என்றாயிற்று. இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

பெண் பிள்ளைகள் என்றதும் எமது ஒழுக்கக் காவலர்கள் விழித்துக்கொள்வர். கொடுமுடியிலே வறுமையில் பிறந்து, இரயில் வண்டியிலே பாடி, நாடக மேடை ஏறி, இளம் வயதிலேயே கொழும்புக்கு வந்து நடித்த கே. பி. சுந்தராம்பாளை நாம் அறிவோம். அத்தகைய பெண்ணொருத்தி வெளியூர் போகிறாள் என்றால், 'கூட யார் போகிறார்கள்?' என்று கேட்பதற்கு ஊரெல்லாம் வாய்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த வாய்கள் கேட்பது கற்பைப் பற்றிய கேள்வி ஒன்றைத்தான். அவள் எத்தனை மணி நேரம் பாடினாள், தொண்டை புண்ணாகியதா, எவ்வளவு பணம் கிடைத்தது, அது யார் கையில் போயிற்று என்று ஒரு வாயும் கேட்பதில்லை. பையன் விஷயத்தில் இதே கூட்டம், 'சாராயம் பழகாமல் தகப்பன் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கண்காணிப்பு என்றால் ஒழுக்கம், ஒழுக்கம் என்றால் சாராயமும் சல்லாபமும். உழைப்பு, ஓய்வு, கூலி ஆகியவை அவர்களுடைய ஒழுக்க சாஸ்திரத்தில் இல்லாத அத்தியாயங்கள்.

2023ஆம் ஆண்டில் சென்னைத் தொலைக்காட்சியொன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியிலே யாழ்ப்பாணத்துக் கில்மிஷா முதலிடம் பெற்றார். அதே மேடையிலே புசல்லாவைத் தோட்டப்புறத்துச் சிறுமி அசானியும் பாடினார். எமது லயங்கள் அன்று கொண்டாடிய கொண்டாட்டத்தை நாமும் கொண்டாடினோம்; இதில் வெட்கமில்லை. எமது பிள்ளைகளின் குரலை எட்டுத் திக்கும் கேட்டது. ஆயினும் இத்தகைய போட்டி மேடைகளில் பிள்ளையின் வறுமையைக் காட்சியாக்கி, பெற்றோரை அழவைத்து, அந்தக் கண்ணீருக்கு மேல் சங்கீதத்தை ஏற்றும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. தகப்பனும் தாயும் கூடவே இருக்கிறார்கள், மேடையிலேயே இருக்கிறார்கள். இருந்தென்ன? அவர்களும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள். நிகழ்ச்சியின் பகுதியாகிவிட்டவன் நிகழ்ச்சியைக் கண்காணிக்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையிலே பெண்களையும் இளம் ஆட்களையும் பிள்ளைகளையும் தொழிலில் அமர்த்தல் பற்றிய 47ஆம் இலக்கச் சட்டம் 1956இல் வந்தது. வேலைக்குரிய குறைந்த வயது நெடுங்காலம் 14 ஆக இருந்து, 2021இல்தான் 16 ஆக உயர்ந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் தொலைபேசியிலே முறையிடலாம். இந்தியா 2016இல் தன் சட்டத்தைத் திருத்தி, 2017இல் விதிகளையும் வகுத்தது. பிள்ளைக் கலைஞன் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் ஆகாது. வருமானத்தில் 20 சதவீதமாவது அவன் பெயரிலே வங்கியில் இடப்பட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் நியமிக்கப்பட வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அங்கே பிள்ளை என்றால் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவன். பதினைந்து வயதுக் கீபோர்ட்காரன் அந்த வலையின் கண்ணிலே நழுவி விழுந்துவிடுவான்.

எமது நாட்டிலே அவன் நழுவுவது இன்னும் எளிது. விழா நடத்தியவரைக் கேளுங்கள்: 'நாம் பையனை வேலைக்கு வைக்கவில்லை, குழுவை அழைத்தோம்.' குழுத் தலைவரைக் கேளுங்கள்: 'நானும் வைக்கவில்லை. பிள்ளைக்கு ஆசை, தகப்பனே கூட்டிக்கொண்டு வருகிறான்.' தகப்பன் வந்ததனால் அது வேலை அல்ல என்றாகிவிட்டது! பிள்ளையைக் காக்க வந்த மனிதன், பிள்ளையை அமர்த்தியவர்களுக்குக் கேடயமாகிவிட்டான். நாளை அந்த வான் பள்ளத்தில் உருண்டால், விசாரணையிலே முதற் குற்றவாளி அந்தத் தகப்பன்தான். 'பெற்ற பிள்ளையை இரவிலே ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?' என்று கேட்பதற்கு எத்தனை பேர் முன்வருவார்கள்!

அப்படியானால் பையனை வீட்டிலே பூட்டிவைத்துப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாமா? அப்படிச் சொல்லும் நண்பர்களும் எம்மிடையே உளர். அவர்களோடும் எமக்கு உடன்பாடில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் பியானோ ஆசிரியர் கிடைப்பாரா, சங்கீதக் கல்லூரி கிடைக்குமா? அந்த ட்ரம்ஸ்காரப் பெரியவர்தான் அவனுடைய கல்லூரி. அந்த வானே அவனுடைய வகுப்பறை. தப்பும் காமன் கூத்தும் பெரியவர் பின்னே நடந்த சிறுவர்களால்தான் எம்மிடம் வந்து சேர்ந்தன. நடப்பதை நிறுத்தச் சொல்பவன் கலையை நிறுத்தச் சொல்கிறான். அதுவும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நிற்காது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நிற்கும்.

நாம் கேட்பது மிகச் சாதாரணமானது. பையன் செய்வது வேலை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வேலை என்றால் அதற்கு நேரம் உண்டு. ஏழு மணி என்று அழைத்தவன் பத்து மணிக்குத் தொடங்கினால் அந்த மூன்று மணிக்கும் கூலி உண்டு. ஒரு துண்டுக் கடதாசியிலாவது தொகையை எழுதி, பையனுடைய பங்கை அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலே போடவேண்டும். தகப்பன் கையில் வேண்டாம், மாஸ்டர் கையிலும் வேண்டாம். காவலுக்கு வரும் தகப்பனின் போன பேரை விழா நடத்துவோர் ஈடுசெய்யட்டும். அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் செலவழிப்போரால் அந்த ஒரு நாட் கூலியைக் கொடுக்க முடியாது என்றால் நாம் நம்பத் தயாராக இல்லை. பெரிய வாத்தியக்காரருக்கு ஒரு சங்கமும் சேமலாபமும் ஏற்படும்வரை சிறியவனுக்கு மட்டும் தனியாக நீதி கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். 'கலையைக் கூலிக் கணக்காக்குகிறீர்கள்' என்று கலா ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஒலிபெருக்கிக்காரர் கணக்குப் பார்த்துத்தானே வாங்குகிறார். அவர்மீது ஏன் இந்தச் சுளிப்பு இல்லை?

கடைசியாக, ஆசிரியர்களாகிய எமது பங்கு. பரிசளிப்பு விழாவிலே அதே பையனைக் கீபோர்ட் வாசிக்கச் சொல்லி, பிரதம விருந்தினர் முன் பெருமைப்படுகிறோம். மறுநாள் அவன் வகுப்பில் தூங்கினால் காதைத் திருகுகிறோம். வரவுப் பதிவேட்டிலே திங்கட்கிழமைகளில் தொடர்ந்து விழும் சிவப்புக் கோட்டைக் கண்டு, 'தோட்டத்துப் பிள்ளை, வீட்டிலே அக்கறை இல்லை' என்று எழுதிவைக்கிறோம். அக்கறையில்லாத வீடா? வானின் கதவடியில் குளிரிலே குந்தியிருந்த மனிதனை நாமே கண்டோமே! அந்தச் சிவப்புக் கோட்டின் காரணத்தைத் தேடிச் செல்லும் ஆசிரியன், பிள்ளைக்கு இரண்டாவது சுவராகலாம். திருவிழாக் கால அட்டவணையைக் குழுத் தலைவரோடு இருந்து பேசி, பாடசாலை நாளுக்கு முந்திய இரவுகளை விலக்கச் செய்யலாம். தகப்பன் கேட்கப் பயப்படும் தொகையை அவன் சார்பில் கேட்கலாம். ஆசிரியனுக்கு மாதச் சம்பளம் நிச்சயம். கேட்டதற்காக அவனை யாரும் பிரட்டிலிருந்து துரத்த முடியாது.

எமது நண்பர் இவ்விஷயத்தைத் தம் ஆசிரியர் சங்கக் கிளையின் கூட்டத்திலே எழுப்பினார். பத்து நிமிஷம் பேசினாராம். பேசி முடித்ததும் தலைமை வகித்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தகப்பன் கூடத்தானே போகிறான் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மாசி பிறந்ததும் திருவிழாக்கள் தொடங்கிவிடும். அதற்கு முன் கூட்டம் நடைபெறுமா என்று விசாரித்து வருகிறோம்.